றோசலினைக் கனடாவுக்கு அனுப்பிய மெற்றில்டா அக்கா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை நித்திரையான பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. உண்மையாகவே நித்திரையாகிவிட்டாளா என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனமும் ஓய்கிறது. போன் சத்தம் போட்டு யாரையாவது எழுப்பியிருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு. அடக்கத்தன்று கோயிலில் மெற்றில்டா அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி யூட் அண்ணை என்னைக் கேட்டார். எழும்பி நின்றால் எல்லாம் மறந்துபோகும் என்று மறுத்துவிட்டேன். அன்று பேசாததை இப்போது எழுதுகிறேன். லண்டன் மோர்டனில் அவர்களுடைய வீட்டு முன்னறையில், அந்த ஜப்பான் கேம் பெட்டிக்கு முன்னால் என்னோடு சப்பாணி கட்டி இருந்த எல்லோருக்கும் இது. அக்காவைப் பிறகு அறிந்தவர்களுக்கும்தான்.

செய்தி வந்தபோது நான் கோலியர்ஸ் வுட்டில் மகளின் பள்ளிக்கூட வாசலில், மற்றத் தாய்மாரோடு நின்றுகொண்டிருந்தேன். யூட் அண்ணைதான் போன் எடுத்தார். "அக்கா போயிட்டா, டிலா. விடியத்தான். நோவில்லாமல் போனவ. நான் பக்கத்திலதான் இருந்தனான்" என்றார். அக்காவின் தம்பி அவர். அந்த அறையில் எங்களுக்குள் முதல் கொன்ட்றோலர் எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். அவர் சொன்னதில் 'நோவில்லாமல்' என்ற ஒரு சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். புற்றுநோய் எலும்புக்குப் போன பிறகு அக்கா பட்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று. முதலில் வந்தது அழுகையில்லை. அப்பாடா என்ற ஒரு பெருமூச்சுத்தான். அதற்காக என்னைப் பற்றி யாரும் தவறாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அதற்குள் வாசல் திறந்து லீனா ஓடி வந்துவிட்டாள். ஐந்து வயது. ஒரு வருடமாக அக்காதான் அவளுக்கு விளையாட்டுக் கூட்டாளி. "மெற்றி அன்ரி இண்டைக்கு வருவாவோ?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது:

"அன்ரி கனடாவுக்குப் போயிட்டா, செல்லம்."

லீனா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஓகே அம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் கனடா என்று உங்களில் அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தக் கேம் பெட்டியைக் கப்பலில் வேலை செய்த அவர்களுடைய சித்தப்பா ஜப்பானில் வாங்கி வந்தார். அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்த பெட்டி. லண்டன் பிளக்கில் நேரே சொருகினால் கருகிவிடும். அதனால் நடுவில் செங்கல் அளவில் ஒரு டிரான்ஸ்போமர் இருந்தது. அது எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும், தொட்டால் சுடும். வீட்டு ரீவிக்கு ஜப்பான் படம் சரிவராது. நிறம் வரவே வராது, கறுப்பு வெள்ளைதான். தொண்ணூறுகளில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வண்ணத்தில் விளையாடிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில் வாள் சுழற்றினோம். போதாததற்கு, கேமில் எழுதியிருந்தது முழுக்க ஜப்பான் மொழி. ஒரு எழுத்தும் எங்களுக்குத் தெரியாது.

மெற்றில்டா அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அப்போது அவருக்குப் பதினேழு வயது இருக்கும். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, ரீவியில் எழுத்து ஓட ஓடத் தமிழில் கதை சொல்வார், பாடப்புத்தகம் வாசிப்பதுபோல, தடங்கலே இல்லாமல். சண்டையில் வரும் பட்டியலில் முதலாவது அடி, இரண்டாவது செபம், மூன்றாவது பனடோல் குளிசை. ஊர்களில் படுத்து எழும்பும் விடுதிக்கு மாமி வீடு என்று பெயர். நீளக் கோட்டுப் போட்ட வில்லன், வரி கேட்டுக் கதவைத் தட்டும் கவுன்சில்காரன். வாள் பிடித்த பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர் றோசலின். "றோசலின்ர சட்டை என்ன கலர் அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "இதென்ன கேள்வி, சிவப்பு. பாத்தாத் தெரியேல்லையோ?" என்றார். அன்றிலிருந்து எங்கள் எல்லோர் கண்ணிலும் அது சிவப்பு.

ஒரு சட்டம் மட்டும் கடுமையாக இருந்தது. கதிரையின் பின்பக்கம் ஒரு சின்னத் துவாய் தொங்கும். "றோல்ஸ் திண்ட எண்ணெய்க் கையால கொன்ட்றோலரைத் தொட்டியளெண்டால் கையை முறிப்பன். துடைச்சுப்போட்டு வாங்கோ." பூசைக்குப் போகும்போது தலையை மூடக்கூட மறப்பார், அந்தத் துவாயைத் தோய்க்க மறக்கமாட்டார்.

கதை பாதியில் றோசலின் இல்லாமல் போனாள். ஒரு பெரிய சண்டை, வெள்ளைப் பூக்கள், மெல்லிய இசை. அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் அவளுடைய படம் இல்லை. டிரான்ஸ்போமர் மட்டும் உறுமியது. நாங்கள் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? றோசலின் கனடாவுக்குப் போயிட்டா" என்றார் அக்கா.

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். போன கிழமை பூசையில் பார்த்தவர்கள் இந்தக் கிழமை கனடாவில் இருப்பார்கள். யூட் அண்ணை மட்டும் பட்டனை அமத்திக் கூட்டத்தின் பையைத் திறந்து பார்த்தார். றோசலினின் வாள், கவசம், மோதிரம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஆள் போனாலும் அவளுடைய சாமான் எங்கள் பைக்கு வந்திருந்தது.

"அப்ப ஏன் வாளை விட்டுட்டுப் போனவ?" என்று நான் கேட்டேன்.

"பிளேனில வாள் கொண்டுபோக விடுவாங்களோ, விசரி? ஆள் போனால் முதல் பையைப் பாருங்கோ. தேவையானதை எங்களுக்கெண்டு விட்டுட்டுத்தான் போயிருப்பினம்."

அக்காவைப் பற்றிச் சொல்லும்போது கடற்கரைப் பயணத்தை விட ஏலாது. கோயில் பஸ்ஸில் பெரியவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். இறங்கியதும் அவர்கள் மண்ணில் பாய் விரித்தார்கள். அக்கா எங்களை இழுத்துக்கொண்டு, கடலுக்குள் நீண்ட பாலத்தில் இருந்த, காசு போட்டு விளையாடும் ஆர்கேட்டுக்குப் போனார். அங்கே ஒரு ஜப்பான் சண்டை மெஷின், இரண்டு பேர் எதிரெதிராக அடிக்கிறது. அதில் செம்பட்டைத் தலைப் பெடியன் ஒருவன் வந்தவர்களை எல்லாம் விழுத்திக்கொண்டு நின்றான். அடுத்தது நான் என்று சொல்ல, மெஷின் கண்ணாடி ஓரத்தில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். அதுதான் அங்கே வரிசை. நீளப் பாவாடையும் கையில் சுற்றிய செபமாலையுமாக அக்கா வைத்தார். பெடியன் சிரித்தான். முதல் ரவுண்டில் சிரிப்பு நின்றது. இரண்டாவதில் அக்கா தோற்றார். மூன்றாவதில் வென்றார். அவன் மறுபடி நாணயம் வைத்தான். மறுபடியும் அதே மாதிரி, நடு ரவுண்ட் அவனுக்கு. பின்னேரம் வரை இது நடந்தது.

"அக்கா, வேணுமெண்டுதானே தோக்கிறீங்கள்?" என்று நான் காதில் கேட்டேன்.

"ஒரு ரவுண்ட் குடுக்கோணும் டிலா. எல்லாத்தையும் நானே வெண்டால் அவன் போயிடுவான். பேந்து ஆரோட விளையாடுறது, மெஷினோடயோ?"

புறப்படும்போது அந்தப் பெடியன் தன் சிப்ஸ் பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினான். அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, அவன் கையையும் பட்டன்களையும் காட்டி முறைத்தார். பாவம், அவன் காற்சட்டையில் கையைத் துடைத்தான்.

இந்த ஒரு ரவுண்டை அவர் வாழ்க்கை முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். லீனா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டது. நான் அழுதுகொண்டு அக்காவுக்குப் போன் அடித்தேன். சட்டன் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர், பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லையடி" என்றார். நான் நம்பவில்லை. "சரி, இந்த ரவுண்ட் உனக்கு. வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்." டொக்டர் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார். காரில் வரும்போது அக்கா ஒரு சொல்லும் குத்திச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "அடுத்தது எனக்கு. போய்ச் சோறு தின்னு, படு" என்றார்.

றோசலின் விஷயம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் தெரியவந்தது. அந்தக் கேமின் கதையை யாரோ இங்கிலிஷில் எழுதி இணையத்தில் போட்டிருந்தார்கள். மாமி வீடு, கவுன்சில்காரன் ஒன்றும் அதில் இல்லை. வாள் பிடித்த பெண் நடுக்கதையில் இறந்துபோகிறாள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, அவ செத்தவ!"

"ஆர் செத்தது? ஐயோ!"

"றோசலின்!"

மறுபக்கம் ஒரு பெருஞ்சிரிப்பு. "உனக்கு இப்பதான் தெரியுமோ? அந்தப் பூவையும் பாட்டையும் பாத்தா விளங்காதோ ஒருத்தருக்கு? படிக்கிற பிள்ளையாம்."

"அப்ப ஏன் கனடா எண்டனீங்கள்?"

சிரிப்பு நின்றது. அக்கா சொன்னார்: "அந்த அறையில நீ இருந்தனி, டிலா. வேற என்னத்தை நான் சொல்ல?"

ஊரில் ஷெல் விழுந்து அப்பா போய், அம்மாவும் நானும் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. யாராவது செத்தது என்று சொன்னாலே நான் ஓங்காளித்துச் சத்தி எடுப்பேனாம். எனக்கு அது மறந்துபோயிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி, கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நினைத்து, ஒரு மூச்சு விடும் நேரத்தில் றோசலினுக்கு விசா எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

புற்றுநோய் வருத்தம் வந்து வேலையை விட்ட பிறகு, போன வருடம் இலையுதிர் காலத்தில், அக்கா அந்தப் பெட்டியையும் டிரான்ஸ்போமரையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய வயரைப் புது ரீவியில் பூட்டச் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினோம். படம் முதல்முறையாக நிறத்தில் வந்தது. றோசலினின் சட்டை பச்சை.

"சிவப்பெண்டு அடிச்சுச் சொன்னீங்கள்!"

"உன்ர ரீவி பிழை. மாத்து."

நாங்கள் சேமித்து வைத்திருந்த ஆட்டம், பெட்டியில் சொருகும் கேம் கட்டைக்குள் எப்போதோ அழிந்துபோயிருந்தது. எனவே அக்காவும் லீனாவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்து, கை துடைக்கவைத்து, அக்கா விளையாடுவார். எனக்கு ஒரே ஒரு பயம்தான். "அக்கா, அந்த இடம் வந்தால் பிள்ளைக்கும் கனடா எண்டே சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். "சொல்லுறன், சொல்லுறன்" என்றார், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது விளங்கும், பள்ளிக்கூட வாசலில் என் வாயில் ஏன் அது வந்தது என்று.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. லீனா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்ப அடுக்குவாள். கனடாவுக்குப் போக ஆயத்தம் பண்ணுகிறாளோ என்று பயந்தேன். அன்ரி எப்போது வீடியோவில் வருவார் என்று காத்திருந்து, பிறகு ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் வேறு யாரோ சொல்லி அறிந்தால்? அம்மா பொய்காரி என்று அந்தப் பிள்ளை எவ்வளவு காலத்துக்கு நினைக்கும்? என் கணவர் மலேசியாக்காரர், நிதானமான மனிதர். "சொல்லிடும்மா. பிள்ளைங்களுக்கு நம்மளவிட நல்லாப் புரியும்" என்றார். புரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அந்த வயதில் 'செத்தது' என்ற சொல்லோடு பட்டது எனக்குத் தெரியும்.

உடலைப் பார்வைக்கு வைப்பதற்கு முதல்நாள், சனிக்கிழமை. இனியும் தள்ள ஏலாது. சமையலறை மேசையில் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு தொடங்கினேன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் மறந்துபோயின.

"லீனா, மெற்றி அன்ரி கனடாவுக்குப் போகேல்ல."

"ஐ நோ."

"என்ன தெரியும்?"

"செத்துட்டா." சுளையை வாயில் போட்டாள்.

என் கையில் இருந்த தோல் கீழே விழுந்தது. "ஆர் சொன்னது?"

"அன்ரிதான். றோசலின் செத்தாப்போல தானும் சாகப்போறன் எண்டு சொன்னவ. பேந்து வர ஏலாதாம். எந்த பட்டன் அமத்தினாலும் வராதாம். நாங்கள் எல்லா பட்டனும் ட்ரை பண்ணினாங்கள்."

"அப்ப அம்மா கனடா எண்டு சொல்லேக்க ஏன் ஓகே எண்டனீங்கள்?"

இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"அம்மா கனடா எண்டு சொல்லுவா, ஓகே எண்டு சொல்லுங்கோ எண்டு அன்ரி சொன்னவ. அம்மாக்கு ஒரு ரவுண்ட் குடுக்கோணுமாம்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. கதிரையிலிருந்து இறங்கித் தரையிலேயே இருந்துவிட்டேன். லீனா வந்து மடியில் ஏறினாள். "பயப்பிடுறீங்களோ அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மையாகவும் இருந்தது. அவ்வளவு நாளும் நெஞ்சில் ஏறி இருந்த கல்லை யாரோ எடுத்து அந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது. நான் சொல்லப் பயந்த வேலையை, தனக்கு வலி கூடிக்கொண்டு வந்த நாட்களில், என் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு அக்கா எனக்காகச் செய்து முடித்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் பையைக் கொட்டினீங்கள்?"

"அன்ரியின்ர சாமான் வந்திட்டோ எண்டு பாத்தனான். இன்னும் வரேல்ல."

அடுத்தநாள் பார்வைக்கு அவளையும் கூட்டிப்போனேன். சிலர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், பரவாயில்லை. லீனா சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அழவில்லை. யூட் அண்ணையிடம் போய், மண்டபத்துக்கே கேட்கும்படி, "மாமா, அன்ரியின்ர சாமான் எங்க?" என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்த மாமி ஒருவர் "ஐயோ" என்று வாயைப் பொத்தினார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணை என்னைக் கையால் தடுத்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். மடித்து வைத்த சின்னத் துவாய். கரை நூல் பிரிந்திருந்தது, நன்றாகத் தோய்த்திருந்தது.

"இது உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ, லீனாக்குட்டி. லீனா முதல்ல பையைத்தான் தேடிப் பாப்பா எண்டும் சொன்னவ."

லீனா முதுகிலிருந்து பையைக் கழற்றி, சிப்பைத் திறந்து, துவாயை உள்ளே வைத்து, சிப்பைப் பூட்டினாள். அதன் பிறகுதான் அண்ணை அழுதார். நாங்களும் அழுதோம். அது பாரமில்லாத அழுகை.

நானும் என் பையைப் பார்த்துவிட்டேன். வெல்லக்கூடிய இடத்திலும் ஒரு ரவுண்ட் கொடுக்கிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு லீனா பல் தீட்டமாட்டேன் என்றபோது கொடுத்துப் பார்த்தேன், அடுத்தது எனக்கு என்று சொல்லி. வேலை செய்தது. பச்சைச் சட்டையைச் சிவப்பு என்று அடித்துச் சொன்ன அந்தக் குரல் இருக்கிறது. எனக்கு அது இப்போதும் சிவப்புத்தான். டிரான்ஸ்போமரின் உறுமல் கீழே அறையில் இருக்கிறது. இனி நான் யாரையும் கனடாவுக்கு அனுப்பத் தேவையில்லை என்பதும் அந்தப் பைக்குள் கிடக்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆட்டம் றோசலின் போன இடத்தில் நிற்கிறது. மிச்சக் கதை லீனாவுக்குத் தெரியாது, எனக்கும் பாதிதான் ஞாபகம். நீங்கள் ஆளுக்கொரு பகுதியாக, அக்கா சொன்னபடி தமிழில் சொல்ல வேண்டும். றோல்ஸ் இருக்கும், துவாயும் இருக்கும். யார் யார் வருகிறீர்கள் என்று கெதியாக ஒரு வரி பதில் எழுதுங்கள்.

டிலானி